ஜிம்மி பேஜின் ஒலிப்பதிவுக் கலை: ஒரு மதிப்பீடு

ராக் இசை வரலாற்றில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் லெட் செப்பெலின் குழுவின் கிதார் கலைஞராகவே பேசப்படுகிறார்; ஆயினும் அவருடைய ஆற்றலும் குறையும் அக்குழு தோன்றுவதற்கு முன்பே, லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவர் செஷன் கலைஞராகக் கழித்த ஆண்டுகளில் உருப்பெற்றவை. செஷன் கலைஞர் என்பவர் எக்குழுவையும் சாராமல், கூடம் அழைக்கும் நேரத்துக்குச் சென்று, தரப்படும் பாட்டுக்கு வாசித்து, பேசிய தொகையைப் பெற்றுத் திரும்பும் வாத்தியக்காரர். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1964இல் ஷெர்லி பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' படப்பாடலிலும், தி ஹூ குழுவின் 'ஐ கான்ட் எக்ஸ்பிளெய்ன்' பாடலிலும் பேஜ் இவ்வாறே பங்கேற்றார்.

இப்பணி அவருக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. ஒன்று, நேரச் சிக்கனம். மற்றொன்று, ஒலிவாங்கியை வாத்தியத்திலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்தால் ஒலி எவ்வாறு மாறுகிறது என்னும் நுட்ப அறிவு. 1965இல் இம்மீடியட் நிறுவனத்தில் அவர் தயாரிப்பாளராகவும் பணியாற்றினார். இசைத்தட்டுத் தயாரிப்பாளரின் வேலை முதலீடு செய்வதோடு முடிவதன்று. எவ்வாத்தியம் எவ்வாறு பதிவாக வேண்டும், இறுதிக் கலவையில் எது முன்னே நிற்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வதே அதன் சாரம். 1968இல் லண்டன் ஒலிம்பிக் கூடத்தில் லெட் செப்பெலினின் முதல் இசைத்தட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில், 1,782 பவுண்டு செலவில் முடிந்ததற்கு இப்பயிற்சியே காரணம்.

அவருடைய முறையின் உச்சம் குழுவின் நான்காம் இசைத்தட்டின் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாடலில் கேட்கிறது. ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய வீட்டின் கூடத்தில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பொன்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படியிலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தபோது, சுவர்களில் மோதித் திரும்பும் முழக்கமும் அடியோடு சேர்ந்து நாடாவில் ஏறியது. டிரம்ஸுக்கு நெருக்கமாகவே ஒலிவாங்கியை வைக்கும் வழக்கத்திலிருந்து இது தெளிவாக விலகிய முறையாகும். நாடாவைத் திருப்பிப் போட்டு எதிரொலியைப் பதிந்து, மீண்டும் நேராக ஓட்டி, மூல ஒலிக்கு முன்பே எதிரொலி வருமாறு செய்யும் உத்தியையும் அவர் திறம்படக் கையாண்டார்.

குறைகளும் சிறியவை அல்ல. மேடையில் அவருடைய விரல்கள் பல வேளைகளில் துல்லியம் தவறின. கூடத்தில் அடுக்கடுக்காகப் பதிந்த கிதார்களின் செறிவை ஒற்றைக் கிதாரால் மேடையில் எட்டவும் இயலவில்லை. 1980இல் பொன்ஹாம் இறந்து குழு கலைந்தபின் பேஜ் செய்தவற்றில் எதுவும் முன்னையவற்றுக்கு நிகராகவில்லை என்பது, அம்முறை குறிப்பிட்ட சில கலைஞர்களை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

இவற்றினும் கடுமையானது, பிறர் பெயரை மறைத்த குற்றச்சாட்டு. முதல் இசைத்தட்டில் இரண்டு பாடல்களைப் புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் பெயரிலேயே குறித்த குழு, 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் அவரைக் குறிக்கவில்லை. 1985இல் அவர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. பாடகர் ஜேக் ஹோம்ஸ் 1967இல் வெளியிட்ட 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பேஜின் பெயரில் வந்தது. 2010இல் ஹோம்ஸ் வழக்குத் தொடுத்து, அதுவும் சமரசத்தில் முடிந்த பின்னரே அவர் பெயர் சேர்ந்தது. எல்லாக் குற்றச்சாட்டும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கில் 2016இல் ஜூரி லெட் செப்பெலின் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

புளூஸ் மரபில் பாடல்கள் வாய்வழி கைமாறியே வளர்ந்தன என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஆனால் மரபில் கைமாறுவது வேறு, உரிமைத்தொகை தரும் பதிவேட்டில் தன் பெயரை மட்டும் எழுதுவது வேறு. பெயரின்றி வாசிப்பதன் இழப்பைத் தம் தொழிலில் அறிந்த ஒருவரிடம் இச்சமாதானம் இன்னும் வலுவிழக்கிறது. பேஜின் உண்மையான புதுமை மெட்டில் இல்லை, அதை ஒலிக்க வைத்த முறையில் உள்ளது. ஆகவே மூலவர்களின் பெயரை முதலிலேயே எழுதியிருந்தாலும் அவருடைய சாதனையில் அணுவளவும் குறைந்திராது.