பார்வையற்ற குட்டியும் வெற்றிக் கிண்ணமும்: ‘ஓ மை டாக்’ திரைப்படத்தில் விசுவாசத்தின் விலை

நாலடியாரின் ‘நட்பாராய்தல்’ அதிகாரத்தில் யானையும் நாயும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. நெடுங்காலம் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கையிலும் நாய் வாலைக் குழைக்கும். ஆகவே நாயனையாரின் நட்பையே தேடிக்கொள்ளல் வேண்டும் என்பது அங்குள்ள ஒரு பாடலின் கருத்து. நாயின் பொறுமை அதில் வியக்கப்படுகிறது. வேல் ஏன் எறியப்பட்டது என்ற வினா எழவில்லை. மனிதன் நாய்க்கு விசுவாசமாக இருக்கிறானா என்பது அப்பாடலின் எல்லைக்கு வெளியே நிற்கும் வினா. 2022இல் வெளிவந்த ‘ஓ மை டாக்’ அவ்வினாவைத் துணிந்து எழுப்பிப் பாதிவழியில் கைவிட்ட படம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்த்திரை நெடுங்காலம் நாலடியாரைத் தலைகீழாக்கி வைத்திருந்தது எனலாம். தேவர் பிலிம்ஸின் ‘நல்ல நேரம்’ (1972) யானையையே உற்ற தோழனாக்கியது. ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) ஆட்டுக்கு அப்பேற்றை அளித்தது. சிறுவனையும் நாயையும் நடுவில் நிறுத்திய முழுநீளக் குடும்பப்படங்கள் தமிழில் மிகக் குறைவு. அக்குறையை நிரப்பும் முயற்சியாகச் சரோவ் சண்முகம் இயக்கிய இப்படம், சூர்யாவும் ஜோதிகாவும் நடத்தும் 2டி என்டர்டெயின்மென்ட் தயாரிப்பாக 2022 ஏப்ரல் 21 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளியானது. விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் அர்ணவ் விஜய் ஆகிய மூவரும் திரையிலும் மூன்று தலைமுறையினராகவே தோன்றுகின்றனர். நடிப்பின் குறைகள் சிலவற்றை இந்த உண்மையுறவே மூடிவிடுகிறது.

கதை உதகமண்டலத்தில் நிகழ்கிறது. நாய்க்கண்காட்சிகளில் தொடர்ந்து வென்றுவரும் செல்வந்தர் பெர்னாண்டோ (வினய்), தம் சைபீரியன் ஹஸ்கி ஈன்ற குட்டிகளுள் ஒன்று பார்வையற்றது எனக் கண்டு அதைக் கொன்றுவிடப் பணிக்கிறார். தப்பிய குட்டி அர்ஜுன் என்னும் சிறுவனிடம் சேர்கிறது. அவன் அதற்குச் சிம்பா எனப் பெயரிடுகிறான். மணி, ராமு என்று வழங்கிய நாய்ப்பெயர்களின் இடத்தில், சுவாகிலி மொழியில் சிங்கத்தைக் குறிக்கும் சொல் டிஸ்னியின் வழியே வந்து அமர்ந்துவிட்டது. தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழக அரசு 2006இல் கேளிக்கைவரி விலக்கு அளித்த காலம் இங்கு நினைவுக்கு வரலாம். இணையத் திரைக்கு அத்தகைய ஊக்கம் எதுவுமில்லை.

படத்தின் முற்பகுதி உயர்வானது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். இக்குட்டி காவலுக்கு உதவாது, வேட்டைக்கு ஆகாது, விற்றாலும் விலைபோகாது. சிறுவன் அதை விரும்புவதற்குக் காரணமே தரப்படவில்லை. அக்காரணமின்மையே இப்பகுதியின் வலிமை. மகனை வசதியான பள்ளியில் படிக்கவைக்கக் கடன்பட்டுத் திணறும் தந்தையின் வீட்டில் இன்னொரு வாய்க்கு உணவு என்பது எளிய செய்தியன்று. சிறுவனும் நாயும் பற்றிய கதைகள் பெரும்பாலும் வீட்டுப் பணத்தைப் பற்றிய கதைகளே. எரிக் நைட்டின் ‘லாஸி கம்-ஹோம்’ (1940) நாவலில், வேலையிழந்த யோர்க்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளி மகனின் நாயைப் பிரபுவிடம் விற்றுவிடுவதிலிருந்தே கதை விரிகிறது. அந்த மரபின் முதன்மையான நரம்பை ‘ஓ மை டாக்’ தொட்டிருக்கிறது.

பின்னர் இரு திருப்பங்கள் நேர்கின்றன. சிம்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்து பார்வை கிடைக்கிறது. பார்வை பெற்ற சிம்பா பயிற்சி பெற்றுப் போட்டியில் இறங்குகிறது. முதலாவதில் குறைகாண எதுவுமில்லை. நோயுற்ற உயிருக்கு மருத்துவம் செய்வது கடமை. எனினும் நாயின் உலகு முதன்மையாக மணத்தால் ஆனது என்பதையும், பார்வையற்ற நாய்கள் பழகிய வீட்டில் நிறைவாக வாழக்கூடியவை என்பதையும் படம் சற்றேனும் எண்ணியிருக்கலாம். சிக்கல் இரண்டாவது திருப்பத்திலேயே உள்ளது. எந்த அளவுகோல் குட்டியைக் கொல்லச் சொன்னதோ, அதே அளவுகோலின் முன் அது நிறுத்தப்பட்டு அதன் மதிப்பு மெய்ப்பிக்கப்படுகிறது. வளர்ப்பாளர் வில்லனாகிறார், அவருடைய தராசு மட்டும் அப்படியே தொங்குகிறது.

அத்தராசின் வரலாறு சுருக்கமாகவேனும் கூறத்தக்கது. 1873இல் இங்கிலாந்தில் தோன்றிய கென்னல் கிளப், இனங்களின் வமிசப் பதிவேடுகளை முறைப்படுத்தியது. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக இருந்த உதகைக்கு வெள்ளையர் வேட்டைநாய்களை இறக்கி, நரி வேட்டைக்குப் பதிலாக அங்கிருந்த குள்ளநரிகளைத் துரத்தினர். தென்னிந்தியக் கென்னல் சங்கம் உதகையில் கோடையில் நடத்தும் கண்காட்சியும் அவ்வழி வந்ததே. படம் உதகையைக் குளிருக்காக மட்டுமே தேர்ந்திருக்கக்கூடும். ஆயினும் நாய்களின் தரவரிசை அம்மண்ணில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

பதிவேட்டுக்குள் பிறந்தவை பதிவேட்டுக்குள்ளேயே இணையவேண்டும் என்ற விதியைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அகமணம் என்ற சொல் நம்மிடம் உண்டு. இதன் விளைவுகள் உடலில் தெரிபவை. பிறப்புவழிக் கண்புரை உள்ளிட்ட கண்நோய்கள் சைபீரியன் ஹஸ்கி இனத்தில் நன்கறியப்பட்டவை. ஆகவே சிம்பாவின் பார்வையின்மையை, எந்தத் தூய்மைக்காகக் கிண்ணங்கள் வழங்கப்படுகின்றனவோ அத்தூய்மை பெற்ற பிள்ளையாகவே வாசிக்க இடமுண்டு. படம் இதனருகில் வந்து விலகிச் செல்கிறது. இரு மாதங்கள் கழித்து வெளிவந்து தமிழிலும் ஒலிமாற்றம் பெற்ற கன்னடப் படமான ‘777 சார்லி’ இதில் நேர்மையானது: பொறுப்பற்ற இனப்பெருக்கத்தின் விளைவான நோயால் அதன் நாய் இறக்கிறது. உணர்ச்சிமிகை அதில் ஏராளம். காரணத்தை மட்டும் அது மறைக்கவில்லை.

பிறப்பு என்ற சொல்லை உச்சரித்த பின் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தின் கருப்பியைத் தவிர்க்க இயலாது. தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கொல்லப்படும் அவ்வேட்டைநாய் செய்த குற்றம், யாருடைய நாய் என்பதே. நாலடியாரில் எழாத வேல் பற்றிய வினா அங்கே முதற்காட்சியிலேயே கேட்கப்பட்டுவிடுகிறது. அது சிறுவர்க்கான படமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் இவ்விரு நாய்களையும் அருகருகே வைத்தால், ‘குடும்பப்படம்’ என்னும் வகை எவற்றை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது என்பது தெளிவாகும்.

மிசிசாகாவில் வாழும் எம்போன்றோர்க்கு இது திரைவிமர்சனத்தோடு முடியும் செய்தியன்று. பேரப்பிள்ளைகளோடு கூச்சமின்றி அமர்ந்து பார்க்கத்தக்க தமிழ்ப்படம் எது என்பது இங்கு அன்றாட வினா. வன்முறையும் ஆபாசமும் இல்லாமை, மூன்று தலைமுறை, தை மாதப் பனியில் எமது தெருக்களில் நடைபோகும் ஹஸ்கி: இப்படம் எளிதில் தேர்வாகிவிடும். எமது பிள்ளைகளின் வார இறுதிகளோ திருக்குறள் மனனப் போட்டி, பேச்சுப்போட்டி, நடன அரங்கேற்றப் பயிற்சி, கணித வகுப்பு என நிரம்பியவை. அலுமாரியில் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். கடன்பட்டுப் படிப்பிக்கும் தந்தையில் இங்குள்ள பெற்றோர் பலர் தம்மையே காண்பர். வென்றபின் தழுவப்படும் சிம்பா அவர்களுக்கு இனிக்கும். போட்டியில் வெல்லமுடியாத பிள்ளையும், மருத்துவத்தால் மாற்றமுடியாத உடற்குறையுள்ள பிள்ளையும் அதே இருக்கையில் அமர்ந்து அதே காட்சியைப் பார்க்கின்றனர் என்பதே என் கவலை.

புலம்பெயர் தமிழ்வகுப்புகளில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன் படத்தை நிறுத்தி, மீதிக் கதையை மாணவரையே தமிழில் எழுதச் சொல்லலாம். சிம்பாவுக்குப் பார்வை வரவேண்டுமா, போட்டிக்குப் போகவேண்டுமா, போய்த் தோற்றால் அர்ஜுன் வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும் என்பவற்றை அவர்களே தீர்மானிக்கட்டும். இயக்குநரின் முடிவை அடுத்த வாரம் காட்டலாம்.