விருந்தாளிக்கு ஓர் அதிகாரம்

விருந்தைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பவை ஏராளம். அநேகமாக எல்லாமே வீட்டுக்காரருக்குச் சொன்ன புத்திமதிகள். வந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகத்தான் காண முடிகிறது.

திருக்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். பத்துக் குறளும் வீட்டில் இருப்பவனைப் பார்த்துத்தான் பேசுகின்றன. முகம் கோணாதே, வாசலில் ஒருவன் காத்திருக்கும்போது தனியாக உண்ணாதே, போனவனை வழியனுப்பிவிட்டு வருகிறவனுக்காகக் காத்திரு. கடைசியில், விருந்தாளியின் மனம் அனிச்சப் பூவை விட மெல்லியது, ஜாக்கிரதை என்ற எச்சரிக்கை வேறு. வீட்டுக்காரிக்கும் ஒரு மனம் உண்டே, அது என்ன பூ என்று வள்ளுவர் சொல்லவில்லை. வீட்டுக்காரனுக்கு நூலில் ஓர் அதிகாரம் கொடுத்தார்கள். விருந்தாளிக்கு வீட்டிலேயே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். இதுதான் நமது மரபு.

இந்த மரபு கதையாகும்போது என்ன ஆகிறது என்பதைப் பெரிய புராணத்தில் பார்க்கலாம். திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வடக்கிலிருந்து ஓர் அடியார் வருகிறார். சாதாரண உணவு அவருக்கு ஆகாது. ஒரு குடிக்கு ஒரே பிள்ளையாக உள்ள சிறுவனின் கறி வேண்டும். பெற்றவர்களே மனம் கோணாமல் சமைக்க வேண்டும். சமைத்து இலை போட்ட பிறகும் தலைக்கறி எங்கே என்று கேட்கிறார். அதுவும் வந்தபின், உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள், கூட உட்கார்ந்து உண்ண வேண்டும் என்கிறார். வந்தவர் சிவபெருமான், பிள்ளை உயிரோடு ஓடி வருகிறான் என்று கதை முடிகிறது. பக்தர்களுக்கு அதன் பொருள் வேறு. அதில் நான் தலையிடவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் பார்த்தால், ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும் கோரிக்கைகளைச் சேக்கிழார் அடுக்கியிருக்கும் விதம் அபாரம். ஒன்றைக் கொடுத்ததும் அடுத்ததைக் கேட்பதுதான் அடாவடி விருந்தாளியின் இலக்கணம். அதை அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பிடித்துவிட்டார்.

இன்னொருவர் துர்வாசர். காளிதாசனின் சாகுந்தலத்தில் அவர் வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். கணவன் நினைவில் மூழ்கியிருக்கும் சகுந்தலை கவனிக்கவில்லை. உடனே சாபம். கேட்டது கிடைக்காவிட்டால் வீட்டுக்காரியின் வாழ்வையே குலைத்துவிடலாம் என்ற உரிமை அந்த முனிவருக்கு எங்கிருந்து வந்தது? அதிதி என்ற ஒரே வார்த்தையிலிருந்து வந்தது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் வீட்டில் அதிதி வருகிறார் என்று வாசகர்கள் கேட்கலாம். வருகிறார்கள், ஐயா. முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வீட்டு வாடகை கொடுக்கத் திண்டாடிய இரண்டு வாலிபர்கள், ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு வாடகை வாங்கினார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். அதிலிருந்துதான் ஏர்பிஎன்பி என்ற கம்பெனி 2008-இல் பிறந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று வீட்டு அறையை அந்நியருக்கு விடுவது அதன் பிறகு உலகமெங்கும் ஒரு தொழிலாகிவிட்டது. இதில் நான் கவனிப்பது வார்த்தைகளை. பணம் கொடுத்துத் தங்குகிறவனை அந்தக் கம்பெனி வாடிக்கைக்காரன் என்று சொல்வதில்லை, விருந்தாளி என்கிறது. வாங்குகிறவரை விருந்தளிப்பவர் என்கிறது. போகும்போது விருந்தாளி ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மதிப்புப் போடுகிறார். துர்வாசரின் சாபம் நட்சத்திர வடிவத்தில் வந்துவிட்டது! வீட்டுக்காரரும் பதிலுக்கு மதிப்புப் போடலாம்தான். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் பழிவாங்குகிறார் என்ற புகார் வந்து, 2014-இல் இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மூன்று மெத்தையோடு தொடங்கிய விருந்தோம்பல், ஒருவருக்கொருவர் பயந்து மூடிவைக்கும் கடிதத்தில் வந்து நின்றது.

இந்த வழக்கம் எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்துக்கும் வந்திருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் அது. கடலுக்குள் நீண்டு சிதைந்து நிற்கும் பழைய பாலத்தின் பின்னால் சூரியன் எழுவதைப் படம் பிடிக்க விடியுமுன்பே ஆட்கள் வருகிறார்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் மாடியறையை ஓரிரவுக்கு விடுகிறார். அறுபது வயது. கணவர் கடலில் தொழில் செய்து காலமானவர். அந்த அறைதான் இப்போது அவருடைய வலை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். சிலர் சிறுத்தொண்டர் வீட்டு விருந்தாளியின் பரம்பரை. முதலில் வெந்நீர் கேட்பார்கள். பிறகு இன்னொரு மெத்தை. இரவு பதினொரு மணிக்கு வஞ்சிரம் வறுவல். அதுவும் வந்தபின், விடியற்காலை மூன்று மணிக்குப் படகு எஞ்சின் சத்தம் தூங்கவிடவில்லை, கருவாட்டு வாடை தாங்கவில்லை, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு என்பார்கள். கொடுக்காவிட்டால் ஒரே ஒரு நட்சத்திரம். வாசலில் நின்று மரியாதை கேட்கும்போது அவர் விருந்தாளி. ரசீதை நீட்டிச் சண்டை போடும்போது வாடிக்கைக்காரர். இரண்டு பெயரையும் வேளைக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்ளும் சாமர்த்தியத்தில்தான் அவருடைய பலம் இருக்கிறது.

இந்தச் சாமர்த்தியத்தை அப்படியே பிடித்துக் காட்டிய நாவல் ஒன்று உண்டு. ஆர். கே. நாராயண் 1961-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி'. அச்சாபீஸ் வைத்திருக்கும் நடராஜ் சாது. அவனுடைய முன்னறைக்கும் அச்சுக்கூடத்துக்கும் நடுவே ஒரு நீலத் திரை தொங்குகிறது. அதைத் தாண்டி யாரும் உள்ளே வருவதில்லை. ஒரு நாள் வாசு என்ற ஆஜானுபாகு, கடிதத்தாள் அச்சடிக்க வந்தவன், திரையை ஒதுக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுகிறான். செத்த மிருகங்களைப் பாடம் செய்வது அவன் தொழில். காலியாகக் கிடந்த மாடியறையைப் பார்க்கிறான். சுத்தம் செய்வித்துக் குடியேறிவிடுகிறான். நடராஜுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாளில் காட்டு மிருகங்களின் தோல் நாற்றம் தெருவையே தூக்குகிறது. வேறு இடம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நடராஜ் மென்று விழுங்கிக் கேட்டதும் வாசு என்ன செய்கிறான்? வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கிறான்: நான் குடித்தனக்காரன், வீட்டுக்காரன் என்னைக் கொடுமைப்படுத்தி வெளியேற்றப் பார்க்கிறான்! நுழையும்போது விருந்தாளி, போகச் சொன்னால் குடித்தனக்காரன். சட்டம் எளியவனுக்கென்று கட்டிய வேலிக்குள் புலி புகுந்து உட்கார்ந்துகொண்டது.

நடராஜை நாராயண் படைத்திருக்கும் விதமும் உயர்ந்தது. அவன் வெறும் கோழை அல்ல. நல்லவன் என்ற பெயரை இழக்க அவனுக்கு மனமில்லை. அதோடு, தன்னால் செய்ய முடியாததையெல்லாம் செய்கிற அந்த முரடனிடம் உள்ளூர ஒரு மயக்கமும் இருக்கிறது. அடாவடி விருந்தாளி தன் முரட்டுத்தனத்தால் மட்டும் நிலைப்பதில்லை. வீட்டுக்காரரின் பெருமையையும் பிடித்துக்கொண்டு நிலைக்கிறான். வீட்டில் விருந்தாளியை வைத்துத் தவித்தவர்கள் எல்லோரும் இதைப் படித்தால் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கோவில் யானையைச் சுட்டுக்கொல்லக் காத்திருந்த வாசு, நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடிக்கப்போய்த் தன் கை அடியிலேயே செத்துப்போகிறான். பஸ்மாசுரன் கதைதான். அநியாயம் தன்னையே அழித்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையின் நயமான உருவம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஊரார் நடராஜையே சந்தேகித்து ஒதுக்குவதாகக் காட்டியிருப்பதில் உண்மையும் இருக்கிறது. என் குறை வேறு. கதை முழுவதும் ஒரே ஒரு கேள்விக்காக நாம் காத்திருக்கிறோம்: இந்த மனிதன் என்றாவது அந்த மனிதனைப் பார்த்து, இது என் வீடு, எழுந்து போ என்று கண்டிப்பாகச் சொல்லி நிலைநிற்பானா? ஆசிரியர் ஒரு கொசுவை அனுப்பி அவனை அந்தப் பரீட்சையிலிருந்து காப்பாற்றிவிட்டார். நம் வீடுகளுக்கு அப்படிப்பட்ட கொசு வருவதில்லை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பரீட்சையை எழுதித் தேறியவர் புதுமைப்பித்தன் என்பது என் அபிப்பிராயம். 1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நாம் கடவுளைக் கிண்டல் செய்யும் கதை என்று படித்துப் படித்துப் பழகிவிட்டோம். அதை ஒரு விருந்தாளிக் கதையாகப் படித்துப் பாருங்கள். பட்டணத்துத் தெருவில் சந்தித்த கடவுள், கந்தசாமிப் பிள்ளை வீட்டில் சில நாள் தங்க வேண்டும் என்கிறார். சிறுத்தொண்டரிடம் வந்த அதே பரமசிவன்தான். ஆனால் பிள்ளை காலில் விழவில்லை, விரட்டவும் இல்லை. தாராளமாக இரும் என்கிறார். கூடவே நிபந்தனை போடுகிறார்: வரம் கொடுக்கிறேன் என்று வித்தை காட்டக்கூடாது, மனுஷனாக வந்தால் மனுஷ தர்மத்துக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும். கடவுள் சம்மதிக்கிறார். வீட்டுக் குழந்தையோடு விளையாடுகிறார். கடைசியில் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா வரவு வைக்கப்படுகிறது. கணக்கு நேராகிவிட்டது.

பெரிய புராணத்திலிருந்து புதுமைப்பித்தன் வரை நடந்த மாறுதல் இதுதான். கடவுளே வந்தாலும் வீட்டுக்கு ஒரு தர்மம் உண்டு, அதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு கொடுக்கும் காப்பியில் கசப்பு இருக்காது. நாராயணின் நடராஜ் முதல் நாளில் சொல்லாததால்தான் கடைசி நாள் வரை சொல்ல முடியாமல் போயிற்று.

நெட்டுக்குப்பத்து அம்மாள் இந்தக் கதைகள் ஒன்றையும் படித்ததில்லை. அவரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஒரு நாள் போனபோது மாடிப்படி அருகே ஓர் அட்டை தொங்கியது. பேத்தியின் கையெழுத்து. இரவுச் சாப்பாடு எட்டு மணி வரைக்கும். வெந்நீர் இரண்டு வாளி. விடியற்காலை படகுச் சத்தம் இருக்கும். கருவாடு காயும், வாசனை வரும். இது பிடித்தால் தங்கலாம். அறையைப் பேசும்போதே இதைப் படித்துக்காட்டிவிடுவாராம்.

"ஆள் குறைஞ்சு போகலையா, அக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கொறஞ்சுது தம்பி. வர்றவங்க ஒழுங்கா வர்றாங்க. வறுவல் கேட்டா வறுத்துத் தரலாம். கடலை நிறுத்தி வைன்னா நான் எங்க போவேன்?"

இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. கொடுக்கக்கூடியது எது, கொடுக்கக்கூடாதது எது என்ற கோடு அதில் இருக்கிறது. வறுவல் அவருடையது. கடல் அவருடையதல்ல, அந்த ஊருடையது.

அந்தக் கோட்டை அறிந்துகொள்ள அந்த ஊருக்கு வேறு காரணமும் இருக்கிறது. எண்ணூருக்கு விருந்தாளிகள் புதிதல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கால்வாய் வழியாகப் படகேறி, சென்னை வெள்ளைக்காரர்கள் இளைப்பாற வந்த இடம் அது. வந்தார்கள், போனார்கள். பிறகு வந்தவர்கள் போகிற ஜாதி அல்ல. 1970-இல் அனல் மின்நிலையம் வந்து 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் ஆலைகள் பல வந்துவிட்டன. 2001-இல் புதிய துறைமுகம் திறந்தது. வேலை தருகிறோம், வெளிச்சம் தருகிறோம் என்று வந்தவர்கள். கொஞ்சம் இடம் கேட்டார்கள், பிறகு ஆற்றைக் கேட்டார்கள். சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கருத்துப்போயின. வாசுவின் மாடியறை நாற்றம் எனக்கு அங்கேதான் சரியாகப் புரிந்தது. இங்கும் வந்தவனுக்கு வாசலில் நிபந்தனை சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஜனங்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். புலவர்கள் எழுதாமல் விட்ட அதிகாரத்தின் முதல் வரி அது என்று எனக்குத் தோன்றுகிறது. மீதி வரிகளை எழுத வேண்டியவர்கள் நாவலாசிரியர்கள். விருந்தோம்பல் வேண்டாம் என்று எழுதச் சொல்லவில்லை. அது போய்விட்டால் நம்மிடம் மிஞ்சுவது ரசீது மட்டும்தான். வாசலில் வரவேற்கத் தெரிந்த வாய்க்கு அங்கேயே நிபந்தனை சொல்லவும் தெரிய வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் அன்போடு இலை போடுகிற ஒரு வீட்டுக்காரியை யாராவது நாவலில் கொண்டுவந்தால், நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.