சித்திரத்தின் பிரயாணம்

சித்திரம் தீட்டியவனுடைய மேதையைப் புகழ ரசிகர்கள் பலர் இருக்க, அது கடல் கடந்து வந்து கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சுவரை அலங்கரிக்கும் வரையில் அதைக் காத்தவர்களின் சிரத்தையை நினைப்பவர் மிகச் சிலரே.

அவர்கள் செய்யும் பெட்டியே ஒரு சிற்பம். வெளியே மரம், உள்ளே சித்திரத்தின் அளவுக்கே வெட்டிய நுரைப்பஞ்சு, நடுவே அமிலம் கலவாத மெல்லிய காகிதம். மரத்தோடு பூச்சியும் தேசம் தாண்டாதிருக்க, அதன் மையம் வரையில் 56 பாகை செல்சியஸ் உஷ்ணம் 30 நிமிஷம் நிலைக்கும்படி சூடேற்றி முத்திரை குத்துவது சர்வதேச வழக்கம்.

என்னை வியக்க வைப்பதோ அவர்களுடைய பொறுமைதான். கிள்ளான் துறைமுகத்தின் ஈரக் காற்றிலே வந்திறங்கிய பெட்டியை ஆவலால் உடனே திறந்துவிட்டால், குளிர்தேசத்தில் வறண்டிருந்த கித்தான் தளர்ந்து, சட்டம் வளைந்து, வர்ணம் வெடிக்கும் அபாயம் உண்டாதலால், கூடத்தின் குளிர்ச்சிக்கு அது பழகும்படி 24 மணி நேரமேனும் மூடியே வைத்திருந்து, பிறகே கையுறை அணிந்து திறந்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, புறப்படும்போது எழுதிய குறிப்போடு ஒவ்வொரு கீறலையும் ஒப்பிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் தைப்பூசத்தில் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளி ரதமும் 1983இல் இந்தியாவில் உருவாகி, 12 பகுதிகளாக வந்து, இங்கே இணைக்கப்பெற்றதே. அதை இணைத்த கைகளையும் நான் இவ்வரிசையிலேயே வைத்து வணங்குகிறேன்.