முரசும் முதுமையும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கடலோரமாக வடக்கே திரும்பினால் கோவளம் வந்துவிடும். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் எனப் போற்றப்படும் தர்கா அங்கே கடற்காற்றின் நடுவே அமைந்திருக்கிறது. அண்மையில் ஒருநாள் குடும்பத்தோடு அவ்வழியே சென்றோம். வண்டியில் மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் ஒலித்துக்கொண்டு வந்தன. தொகுத்தவர் எவரோ, இளமைக் காலப் பதிவுகளையும் முதுமைக் காலப் பதிவுகளையும் முன்பின்னாகக் கலந்து வைத்திருந்தார்.

பிற்காலப் பாடல் ஒன்று தொடங்கியதும் வீட்டுப் பெரியவர் முகம் சுளித்தார். “இதில் ஹனீபா எங்கே இருக்கிறார்? குரல் எப்போதோ போய்விட்டதே!” என்றார். பின்னிருக்கையில் இருந்த பேத்தி விடவில்லை. “நன்னா, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அந்தப் பாட்டில் எல்லாரையும் அதட்டி அழைக்கிறார். இதில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்” என்றாள்.

இவ்வழக்கு மாமல்லபுரம் வரை நீண்டது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. ஆனால் அவ்வுண்மைகளைப் பிரித்துக் காட்டும் திறனாய்வு நம்மிடையே போதிய அளவு வளரவில்லை. பாடகர் பெருமகனாருக்குப் புகழ்மாலை சூட்டியதோடு நின்றுவிடுகிறோம். அவர் குரலில் எது தேய்ந்தது, எது நின்றது என்று கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணுகிறோம். 2025 டிசம்பரில் அவர் பிறந்து நூறாண்டு நிறைந்துவிட்டது. இனியேனும் அக்கேள்வியைக் கேட்பது, அவருக்கு நாம் செய்யும் மரியாதையே ஆகும்.

1925 டிசம்பர் 25ஆம் நாள் பிறந்து, 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த ஹனீபா அவர்களைத் தமிழகம் ‘இசைமுரசு’ என்று அழைத்தது. பொருத்தமான பெயர். முரசு மாளிகைக்குள் வாசிக்கும் கருவியன்று. ஊரைக் கூட்டும் கருவி. அவர் முறையாக ஓர் ஆசானிடம் அமர்ந்து சங்கீதம் பயின்றவரல்லர். மீலாது மேடையும், கந்தூரிப் பந்தலும், திராவிட இயக்கப் பொதுக்கூட்டத் திடலுமே அவருடைய பள்ளிகள். கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் பாடுபவருக்கு எதிரொலியின் துணை கிட்டாது. குரல் சற்றுத் தாழ்ந்தாலும் காற்று அதனை அடித்துச் சென்றுவிடும். கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ கடற்கரை மணலில் நின்று, தொலைவில் இருப்பவரைப் பேர்சொல்லி அழைத்துப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். ஆதலின், நெஞ்சின் முழு வலிமையையும் தாரஸ்தாயியில் செலுத்திப் பாடுவதே அவர் வழியாயிற்று.

அக்குரல் நடந்து வந்த தூரத்தை அளக்க நமக்கு நல்லதோர் அளவுகோல் இருக்கிறது. பிற பதிவுகள் பலவற்றிற்கு ஆண்டு தெரியாவிட்டாலும், திரைப்படங்களுக்கு ஆண்டு உண்டு. 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில், விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில், டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து அவர் ஒரு பெருநாள் மகிழ்ச்சிப் பாடலைப் பாடினார். அப்போது வயது 35. 1992இல் ‘செம்பருத்தி’ படத்திலும், 1997இல் ‘ராமன் அப்துல்லா’ படத்திலும் இளையராஜாவின் இசையில் பாடினார். வயது 66, பின்னர் 71. ஒரே தொண்டையின் மூன்று பருவங்கள் இவை.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதற் பாடலில் குரல் தீட்டிய வாளைப்போல் வருகிறது. உச்சத்தை எட்டிய பிறகும் அங்கே நின்று கார்வை கொடுக்க மூச்சு மிச்சம் இருக்கிறது. ‘செம்பருத்தி’யில் அவ்வாளின் கூர்மை மழுங்கியிருக்கிறது. உச்சத்திற்கு ஏறும்போது ஒரு கரகரப்பு உடன் வருகிறது. ‘ராமன் அப்துல்லா’வில் அடிகளின் இறுதி குறுகுகிறது, நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் குரல் மெல்ல இறங்கிவிடுகிறது. பெரியவர் முகம் சுளித்தது இதற்காகத்தான். அவர் செவி பொய் சொல்லவில்லை.

இஃது எவர்க்கும் நேர்வது. அகவை ஏற ஏறக் குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. குரல்நாண்களின் தசை மெலிகிறது. அவை முழுமையாகப் பொருந்தாமல் நடுவே இடைவெளி விழுவதால், காற்று வீணே கசிகிறது. விலா எலும்புக்கூடும் நுரையீரலும் நெகிழ்வை இழக்க, மூச்சு குறுகுகிறது. வாழ்நாளெல்லாம் உச்சத்தில் பாடியவருக்கு இந்த இழப்பு முதலில் தெரிவதும் உச்சத்திலேதான்.

மேலைநாட்டு ராக் பாடகர்களின் வரலாறும் இதுவே. மின்கிதாரின் பேரொலிக்கு மேலே குரல் எழுப்ப வேண்டியிருந்ததால் அவர்களும் உச்சத்திலேயே வாழ்ந்தார்கள். ‘லெட் செப்பெலின்’ குழுவில் பாடிய ராபர்ட் பிளாண்ட், 1970களில் அடைந்த உயரங்களால் உலகப் புகழ் பெற்றவர். அவர் தம் 59ஆம் வயதில், 2007இல், அலிசன் கிராஸ் என்னும் பாடகியோடு இணைந்து, தாழ்ந்த, மென்மையான குரலில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2009இல் அதற்கு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. பழைய உயரத்தைத் தேடி அவர் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை. இருக்கும் குரலுக்கு ஏற்ற பாட்டைத் தேடிக்கொண்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று எகிப்திலே உண்டு. 1975இல் மறைந்த உம்மு குல்தூம் அம்மையார், பள்ளிவாசல் இமாமாக இருந்த தந்தையின் நிழலில் திருக்குர்ஆன் ஓதக் கற்று வளர்ந்தவர். பிற்காலத்தில் அவர் குரலின் மேல் எல்லை குறுகியது, சுருதியும் இறங்கியது. ஆயினும் அரபு மக்கள் அவரைக் கைவிடவில்லை. எழுத்துகளை அவற்றின் பிறப்பிடத்திலிருந்து பிசகாமல் ஒலிக்கும் ஓதற் பயிற்சி இறுதிவரை அவரோடு இருந்தது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் புதியதொரு பொருள் தோன்றச் செய்தார். உயரம் போன இடத்தை உச்சரிப்பு நிரப்பிற்று.

ஹனீபாவிடமும் நின்றது இதுவே என்போம். 1961இலும் 1997இலும் மாறாதது ஒன்று உண்டென்றால், அஃது அவருடைய சொல். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் சொல் போய்ச் சேரவேண்டும் என்று திடலில் பழகிய நாக்கு அது. மூச்சு குறைந்த காலத்தில் அந்நாக்கே அவருக்குக் கைத்தடியாயிற்று. பொருளும் இதனோடு சேர்ந்து மாறுகிறது. இறைவனிடம் கேளுங்கள் என்று முப்பத்தைந்து வயதுக் குரல் பாடினால், அஃது ஓர் அறைகூவல். அதே கருத்தை எழுபது வயதுக் குரல் பாடினால், கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர் சொல்லும் சாட்சியம். பேத்தி கேட்டது இந்தச் சாட்சியத்தைத்தான்.

மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தியபோது இதற்கோர் உவமை கண்ணெதிரே இருந்தது. ஊருக்குள் சற்று உள்ளடங்கியுள்ள அர்ச்சுனன் தபசு என்னும் பெரும் பாறையில் உளியின் கோடுகள் இன்றும் தெளிவாக உள்ளன. கடலை ஒட்டிய கோயிலிலோ, 1200 ஆண்டுகளுக்கு மேலாக உப்புக்காற்று உரசியதில் கல் வழுவழுத்துப் போயிருக்கிறது. நுணுக்கங்கள் அழிந்தன, ஆனால் கட்டடத்தின் அளவும் ஒழுங்கும் அழியவில்லை. நுணுக்கத்தை மட்டுமே நம்பிய வேலையாக இருந்திருந்தால், இன்று பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிராது.

எல்லாக் குரலுக்கும் இவ்வாறு தேயும் வாய்ப்புக் கிட்டுவதில்லை என்பதையும் நினைக்கவேண்டும். சீர்காழி கோவிந்தராஜன் 1988இல் தம் 55ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முதுமைக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் அறியோம். ஆனால் 1961இல் ஹனீபாவோடு பாடிய டி.எம். சௌந்தரராஜன், 2010இல் செம்மொழி மாநாட்டுப் பாடலில் தம் 88ஆம் வயதில் பாடினார். நடுங்கும் அந்தக் குரலை நாடே கேட்டது. அதனை எவரும் பிழையென்று தள்ளவில்லை.

அப்படியிருக்க, நம் விழா மேடைகளில் நடப்பதென்ன? ஹனீபா பாடல்களைப் பாடும் இளைஞர்களிடம், இசைத்தட்டில் உள்ள அதே சுருதியை நாம் எதிர்பார்க்கிறோம். சுருதியை ஒரு கட்டை குறைத்தால், ‘எட்டவில்லை’ என்று முன்வரிசையிலேயே முணுமுணுக்கிறோம். அவரோ தம் தொண்டைக்கு இயன்றதைப் பாடினார். இவர்கள் அவர் தொண்டைக்கு இயன்றதைப் பாடவேண்டியிருக்கிறது. விளைவு, முப்பது வயதிலேயே குரல் கம்மிப்போதல். வயது முதிர்ந்த பாடகர்களிடமும் இதே வற்புறுத்தல்தான். அவர்கள் தாழ்த்திப் பாட நினைத்தாலும் நம் ஆரவாரம் அவர்களை உச்சத்திற்கு ஏற்றிவிடுகிறது. பாடுவோரின் குறையென்று நாம் பேசுவதில் பாதி, கேட்போராகிய நம் குறையே.

இரண்டு செயல்களை வேண்டுகிறோம். விழாக் குழுவினர் பாடகரிடம், ‘உங்களுக்கு இசைந்த சுருதியில் பாடுங்கள்’ என்று முன்னதாகவே சொல்லிவிடட்டும். ஹனீபா அவர்களின் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் வைத்திருக்கும் குடும்பத்தார், அவை எந்த ஆண்டில் வாங்கியவை, எங்கே பதிவானவை என்று தெரிந்ததை உறைமேல் எழுதி வைக்கட்டும். நினைவுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே இது நடந்தாகவேண்டும். ஆண்டு தெரியாத குரலை இளமைக் குரலோடு ஒப்பிட்டுத் தாழ்த்துவது எளிது. ஆண்டு தெரிந்தால் அதன் பயணம் புலப்படும்.

கோவளத்தில் மஃரிபு முடித்துத் திரும்புகையில், பெரியவர் தாமாகவே அப்பிற்காலப் பாடலை மீண்டும் வைக்கச் சொன்னார். கண்ணை மூடியபடி இறுதிவரை கேட்டார். “இளமைப் பாட்டுக்கு ஈடாகாது” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை” என்றும் சொன்னார். அவர் நாவிலிருந்து வந்த இவ்விரண்டு தீர்ப்பும் சரியென்றே நமக்குப் படுகிறது.