களரியும் காணொளியும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரக் கூத்துக் கலைஞர்களும் சமூக ஊடக இரசிகர் வட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

திரைத்துறையையோ பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களையோ சாராத சுயாதீன இசைக்கலைஞர்கள், சமூக ஊடகத்தின் வழியாகத் தமக்கென இரசிகர் வட்டத்தை உருவாக்கிக்கொள்ள இயலும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். இக்கருத்தை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்துக் கலைஞர்களின் தொழில்முறையோடு பொருத்தி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கூத்துக்கு வாழ்வளிக்கும் இரசிகர் தனிமனிதர் அல்லர், ஊரே என்பதும், பார்வை எண்ணிக்கை ஊரின் அழைப்பாக மாறாதவரை கலைஞருக்குப் பயனில்லை என்பதும், பதிவின் உடைமையும் கலைஞரின் பெயர்ச்சுட்டுமே அடிப்படைச் சிக்கல்கள் என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, சுயாதீன இசை, சமூக ஊடகம், இரசிகர் வட்டம், நிகழ்த்துநர் உரிமை

முன்னுரை

தமிழ்ச் சுயாதீன இசையைப் பற்றிய உரையாடல்களில் மூன்று எடுத்துக்காட்டுகள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. 2010களின் தொடக்கத்தில் யூடியூப் வழியாகப் பரவிய பாடலால் அறியப்பட்டு, 2015இல் ‘ஆம்பள’ படத்தின் மூலம் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமான ஹிப்ஹாப் தமிழா முதலாவது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இரண்டாவது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ மூன்றாவது. இம்மூன்றும் வெளிப்படும் களம் பெரும்பாலும் சென்னையே. ஊர் ஊராகச் சென்று இரவு முழுதும் பாடி வாழும் கலைஞர்களுக்கு இவ்வெடுத்துக்காட்டுகள் எந்த அளவு பொருந்தும் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாவை எழுப்ப விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் தக்க களமாகும். பழைய தென்னார்க்காட்டின் பகுதியான இந்நிலம் திரௌபதி வழிபாட்டின் நெஞ்சகம். செஞ்சியை அடுத்த மேலச்சேரியை மையமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதனை உலக அரங்கில் நிலைநிறுத்தியது. இங்குக் கூத்து நாடகமாக மட்டும் நிகழ்வதில்லை. வேடம் கட்டியவரே பாடுகிறார். பின்பாட்டுக்காரரும் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவற்றை இசைப்போரும் விடியும்வரை அவரைத் தாங்குகின்றனர். ஆதலின் கூத்துக் குழுவை ஓர் இசைக்குழுவாகக் கொண்டு நோக்குவது பொருத்தமுடையது.

ஊர் என்னும் இரசிகர்

ஆண்டுக்கு 100 டாலர் தமக்காகச் செலவிடும் 1,000 உண்மை இரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதினார். சமூக ஊடகம் பற்றிய நம்பிக்கைகள் பலவற்றுக்கு இக்கணக்கே அடிப்படை. கூத்தில் இக்கணக்கு வேறாகிறது. தாம்பூலம் மாற்றி ஆட்டத்தை உறுதிசெய்வதும், வீட்டுக்கு வீடு வரி தண்டிக் கூலி கொடுப்பதும், மறுஆண்டும் அதே குழுவை அழைப்பதா என முடிவு செய்வதும் ஊரே. கூத்தை நன்கறிந்த தனி இரசிகர் ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. அவருடைய இரசனை ஊர்ப்பேச்சாகி, நாட்டாண்மையின் காதில் விழுந்து, அழைப்பாக மாறும்போதே பொருளியல் மதிப்பைப் பெறுகிறது.

மேலும், கூத்துக்குப் பருவம் உண்டு. திரௌபதியம்மன் திருவிழாக்கள் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீள்கின்றன. ஐந்து மாதங்களுக்கு ஏறத்தாழ 150 இரவுகள். ஒரு குழு ஓர் இரவில் ஒரு களரியிலேயே ஆட முடியும். இலட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் இரவுகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஆகவே புகழ் பயன்பட வேண்டிய இடங்கள் இரண்டே: ஆட்டக் கூலியை உயர்த்துவது ஒன்று, ஆவணி முதல் மாசி வரையிலான வறண்ட மாதங்களில் புதிய அழைப்புகளைப் பெறுவது மற்றொன்று. சமூக ஊடகத்தால் கிராமியக் கலை உயிர்பெற்றது என்னும் கூற்றை இவ்விரு அளவுகோல்களாலேயே சோதிக்க வேண்டும். பார்வை எண்ணிக்கையை மட்டும் சான்றாகக் காட்டுவது ஆய்வுமுறைக்கு ஒவ்வாது.

பதிவுக் கருவிகளும் இடையாளர்களும்

புதிய கருவி கலைஞரை இடையாளரிடமிருந்து விடுவிக்கும் என்னும் நம்பிக்கையும் புதிதன்று. தெருவில் பாடி விற்கப்பட்ட குஜிலிப் பாடல்களின் உலகை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ விரிவாகக் காட்டுகிறது. நாடக மேடையின் பாட்டுகளை இசைத்தட்டு நெடுந்தொலைவு கொண்டுசென்ற வரலாற்றை ஸ்டீபன் ஹியூஸ் ஆராய்ந்துள்ளார். ஒலிநாடா பதிவின் செலவைக் குறைத்து வட்டார இசைக்குச் சந்தையைத் திறந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் குரல் பயணித்த தொலைவு கூடியது; ஆனால் அச்சக உரிமையாளர், இசைத்தட்டு நிறுவனம், ஒலிநாடாக் கடைக்காரர் எனப் புதிய இடையாளர்களும் தோன்றினர். 1977இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகர அரங்குக்கு அறிமுகப்படுத்தியதும் ஒருவகை இடையாட்டமே. அங்குக் கலைஞரின் பெயர் முன்னிறுத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு.

இன்றைய இடையாளர் படக்கருவியோடு களரியின் ஓரத்தில் நிற்பவர். கூத்தைப் பதிவுசெய்து வெளியிடும் அலைவரிசை பெரும்பாலும் ஆடும் குழுவுக்குரியதாக இருப்பதில்லை. தலைப்பில் ஊரின் பெயரும் ‘கர்ண மோட்சம்’ போன்ற கூத்தின் பெயரும் இருக்கும். பின்பாட்டுக்காரரின் பெயரோ முகவீணைக்காரரின் பெயரோ இருப்பது அரிது. இவ்வாறு திரளும் இரசிகர் வட்டம் அலைவரிசைக்குரியதாகிறதே தவிரக் கலைஞருக்குரியதாவதில்லை.

இங்கு ஓர் எளிய கணக்கு சிந்திக்கத்தக்கது. விளம்பர வருவாயில் முழுப் பங்கு பெற யூடியூப் விதித்துள்ள வழிகளுள் ஒன்று, 1,000 பின்தொடர்வோரும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் ஆகும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து காலை ஆறு மணிக்கு முடிந்தால் எட்டு மணி நேரம். களரியில் 500 பேர் விடியும்வரை அமர்ந்திருந்தால் அதுவே 4,000 மணி நேரம். ஒரு நிறுவனம் ஓராண்டுக்குக் கேட்கும் கவனத்தை ஓர் ஊர் ஓர் இரவில் தந்துவிடுகிறது. கூத்துக் கலைஞருக்கு இரசிகர் இல்லை என்பது பிழையான தொடக்கம். இருக்கும் இரசிகரை எண்ணும் கருவி அவர் கையில் இல்லை என்பதே உண்மை.

பெயரும் வருவாயும்

கூத்துக் கலைஞர்கள் தாமே அலைவரிசை தொடங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்னும் வினாவுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’ எச்சரிக்கையான விடை தருகிறது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மூதாட்டியின் நினைவையும் ஒப்பாரியின் சாயலையும் கொண்ட அப்பாடல் கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றது. எனினும் பாடலாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி 2022 ஆகஸ்டில் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோர் தனித்தனியே பொதுவிளக்கம் அளிக்க நேர்ந்தது. அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் கூறினார். இவை அவரவர் தரப்புக் கூற்றுகளே எனினும், பார்வைப் பெருக்கம் பெயரையும் ஊதியத்தையும் தானே உறுதிசெய்யாது என்பதற்கு இவை போதிய சான்றாகும். நாடறிந்த கலைஞர்களுக்கே நிலை இதுவெனில், ஒப்பந்தத்தாளே காணாத பின்பாட்டுக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

துணுக்கும் முழு இரவும்

2020 மார்ச் இறுதியில் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது கூத்துப் பருவமும் தொடங்கியிருந்தது. திருவிழாக்கள் நின்றதால் ஆண்டு வருவாயின் அடித்தளமே சரிந்தது. அவ்வாண்டு ஜூன் 29இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டது; அடுத்த சில நாள்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. குறுங்காணொளி தொடக்கத்தில் கேட்டது 15 நொடி.

எட்டு மணி நேரக் கலையிலிருந்து 15 நொடியைத் தேர்வதே ஒரு திறனாய்வுச் செயல். கட்டியங்காரனின் நகைச்சுவையும் சுழன்றாடும் அடவும் அதற்கு எளிதில் இசைகின்றன. விருத்தத்தின் நிதானமும் தர்க்கத்தின் நீட்சியும் அதற்குள் அடங்குவதில்லை. துணுக்கால் அறிமுகமாகும் இரசிகர் கேட்பதையே ஊரும் கேட்கத் தொடங்கினால், கலையின் உட்கட்டமைப்பு மாறிவிடக்கூடும். இதற்கு மாறாக, முழு இரவுப் பதிவுகளும் நேரலைகளும் வெளியூரில் பிழைக்கச் சென்றோரைத் தம் ஊர்த் திருவிழாவோடு பிணைக்கின்றன. வரி கொடுப்போரும், அடுத்த ஆண்டு எந்தக் குழு வர வேண்டும் எனச் சொல்வோரும் அவர்களுள் உள்ளனர். கூத்துக்குரிய உண்மையான இணைய இரசிகர் வட்டம் இவர்களிடமே உருவாகிறது. எண்ணிக்கையில் சிறிதெனினும் அழைப்பாக மாறும் ஆற்றல் இவ்வட்டத்துக்கே உண்டு.

உடைமையும் சட்டமும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும் உரிமையையும், வணிகப் பயன்பாட்டில் பங்கு கோரும் உரிமையையும், நிகழ்த்துநராகத் தம் பெயர் சுட்டப்படக் கோரும் உரிமையையும் தெளிவாக்கியது. பாடுபவரும் இசைப்பவரும் ஆடுபவரும் இதில் அடங்குவர். சட்டம் தரும் இவ்வுரிமை தாம்பூலம் மாற்றும் இடத்தில் பேசப்படாமையே குறை. ஆட்டம் பேசும்போதே, யார் பதிவுசெய்வது, யாருடைய அலைவரிசையில் வெளியிடுவது, எவரெவர் பெயரைக் குறிப்பிடுவது, வருவாயில் எவ்வளவு பங்கு என்னும் நான்கையும் பேசிக்கொள்வது நடைமுறைக்கு அரிதன்று. பயணப்படி, சாப்பாடு, ஒப்பனையிடம் ஆகியவற்றைப் பேசிப் பழகிய ஊரும் குழுவும் இவற்றையும் பேச இயலும்.

முடிவுரை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கூத்துக் கலைஞர்களுக்கு இரசிகரைத் தேடித்தர வேண்டிய தேவை சமூக ஊடகத்துக்கு இல்லை. அவர்களை ஊர்கள் தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளன. அந்த உறவின் பயன் பதிவுசெய்பவரிடம் தேங்காமல் கலைஞரைச் சென்றடையச் செய்வதே தேவை. கூலி உயர்ந்ததா, வறண்ட மாதங்களில் அழைப்பு வந்ததா, பின்பாட்டுக்காரரின் பெயர் அறியப்பட்டதா என்னும் மூன்று வினாக்களை முன்வைக்கும் களஆய்வுகளே இத்துறையில் இனி வேண்டப்படுவன. பதிவுகளைத் தரவாகப் பயன்படுத்தும் ஆய்வாளர்களும் குழுவின் பெயரையும் கலைஞர் பெயர்களையும் கேட்டறிந்து குறிப்பிடுவதைக் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். பெயரற்ற பதிவைப் பெயரின்றியே மேற்கோள் காட்டும் ஆய்வும் அந்த மறைப்புக்குத் துணைபோவதாகவே அமையும்.