தறிக்குழிக்கு வரலாறு உண்டா?

1

ஒரு பழைய வீட்டை இடிக்கும் முன் அதற்கு 'வரலாற்று முக்கியத்துவம்' உண்டா என்று மதிப்பிட வேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் யாருடைய வரலாறு, யார் மதிப்பிடுவது, எந்தச் சான்றை வைத்து என்கிற மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டால், ஏற்கெனவே எழுதி முடித்த வரலாற்றின் மேல் குத்துகிற இன்னொரு ரப்பர் ஸ்டாம்பாக இந்த மதிப்பீடு முடிந்துபோகும்.

இதைப் பேசக் காஞ்சிபுரம் பொருத்தமான ஊர். பல்லவர், சோழர், விஜயநகரம் என்று கல்லில் வரலாறு குவிந்து கிடக்கிற ஊரில் செங்கல்லும் சுண்ணாம்பும் நாட்டு ஓடுமாக நிற்கிற ஒரு வீட்டுக்கும் வரலாறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கோயில் நகரம், பட்டு நகரம் என்று ஊருக்கு இரண்டு பட்டங்கள். கோயில் நிற்கிறது. பட்டு கடைக்கு வந்துவிடுகிறது. பட்டு நெய்யப்பட்ட வீடு மட்டும் இரண்டு பட்டங்களுக்கும் நடுவில் காணாமல் போகிறது.

2

சட்டம் என்ன சொல்கிறது? 1958-ஆம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டப்படி ஒரு கட்டுமானம் நினைவுச்சின்னம் ஆவதற்கு அது வரலாற்று, தொல்லியல் அல்லது கலை ஈடுபாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். நூறு வருஷமாவது இருந்திருக்க வேண்டும். வயசு கணக்குக்கு உட்பட்டது. 'ஈடுபாடு' அப்படியல்ல. அது யாருடைய ஈடுபாடு என்பதைச் சட்டம் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது. அந்த இடைவெளியில் இடிந்தவற்றுக்கு யாரும் கணக்கு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே இடிப்பைத் தடுத்ததெல்லாம் பெரும்பாலும் நீதிமன்றமும் பத்திரிகைச் சத்தமும்தான். சென்னை அண்ணா சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. மைசூர் யாதவகிரியில் ஆர். கே. நாராயண் கட்டிய வீட்டை 2011-இல் இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வந்து வேலை நின்றது. 2016-இல் அது அருங்காட்சியகமானது. இரண்டும் நல்ல முடிவுகள், மறுப்பதற்கில்லை. ஆனால் இவை காட்டுகிற இலக்கணத்தைக் கவனியுங்கள். ஒன்று, கட்டடம் பார்க்கப் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் ஒரு பெரிய மனிதர் குடியிருந்திருக்க வேண்டும். அழகும் இல்லை, ஆளும் இல்லை என்றால் வீடு வெறும் மனைக்கட்டு, சதுர அடிக் கணக்கு.

காஞ்சிபுரத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அண்ணா வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. 1909-இல் இந்த ஊரில் நெசவுச் சமூகத்தில் பிறந்து, 1942-இல் இங்கிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியவர் அவர். அந்த வீடு காக்கப்பட வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நெசவுச் சமூகத்து வீடு வரலாற்றுக்குள் நுழைய, அங்கிருந்து ஒரு முதலமைச்சர் வெளியே வர வேண்டியிருக்கிறது. தறியை விட்டு வெளியேறியவனின் வீடு வரலாறு. தறியிலேயே உட்கார்ந்து செத்தவனின் வீடு இடிபாடு. பிராமணரல்லாதார் அரசியலை இத்தனை காலம் பேசிய ஒரு மாநிலத்தில் இந்த அளவுகோல் கேள்வியில்லாமல் தொடர்வது விசித்திரம்.

3

நெசவாளி வீட்டை எப்படி வாசிப்பது? முகப்பைப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. தரையைப் பார்க்க வேண்டும். குழித்தறி வைத்த வீட்டில் வீட்டின் மையம் பூஜை அறையோ முற்றமோ அல்ல, மண்ணில் வெட்டிய அந்தக் குழி. நெய்கிறவர் குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்கிறார். மண்தரையின் ஈரப்பதம் இழை அறுந்துபோகாமல் காக்கிறது. மேலே ஜக்கார்டு பெட்டி ஏறினால் அதற்கேற்பக் கூரைக்கு உயரம் வேண்டும். பாவு வீட்டுக்குள் அடங்காது. அது தெருவின் நீளத்தைக் கேட்கிறது. விடியற்காலையில் பாவு நீட்டுகிற தெருவும் அந்த வீட்டின் ஓர் அறைதான். வீட்டை மட்டும் பட்டியலில் சேர்த்துத் தெருவை விட்டுவிட்டால் பாதி வீட்டைத்தான் சேர்த்திருக்கிறோம்.

கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பழைய முறையில் ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுகரை நாடாவைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் யார்? பல வீடுகளில் மனைவி. பல வீடுகளில் பிள்ளை. சேலையில் பெயர் போடாத உழைப்பு அது, கூலிக் கணக்கிலும் தனியாக வராத உழைப்பு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவை ஆபத்தான வேலைகளின் பட்டியலில் வைத்தது. அதே மூச்சில் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. அதாவது 'வீடு' என்ற சொல்லே ஒரு சட்ட ஓட்டையாகச் செயல்பட்டது. வெளியே இருந்தால் தொழிற்சாலை, உள்ளே இருந்தால் குடும்பம். தறிக்குழியின் விளிம்பில் தேய்ந்திருக்கும் இரண்டாவது இருக்கை அந்தச் சட்டத்தின் சாட்சி. அந்தத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் சாட்சியும் போயிற்று.

இந்த வீடு பெருமையின் நினைவுச்சின்னம் மட்டும் அல்ல. கடன், முன்பணம், கண்பார்வை, படிப்பு நின்ற பிள்ளை எல்லாம் சேர்ந்த ஆவணம். 'கைத்தறிப் பாரம்பரியம்' என்று கண்ணாடிக்குள் வைத்து டிக்கெட் போட்டால் முதலில் துடைக்கப்படுவது இந்த வரிகள்தான்.

4

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பேசியாக வேண்டும். "மழைக்கு ஒழுகுது, ஓடு மாத்த காசு இல்ல. நீங்க படம் புடிச்சிட்டுப் போயிடுவீங்க, நாங்கதான இதுல படுத்துத் தூங்கணும்?" என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில்? பழைய வீட்டை விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அதில் வசிக்காதவர்கள்.

2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் அப்படிப் பாதுகாக்கப்பட்டவை. கோயிலைக் காக்கப் போடுகிற கோடு குடியிருப்பவரின் கூரைமேல் விழுகிறது. அரசரின் கல்லுக்காக அவர் தன் சுவரைத் தொட ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்; அவருடைய சுவருக்கென்று ஒரு சொல் அந்தச் சட்டத்தில் கிடையாது. அவர் வீடு சின்னத்தின் 'சுற்றுப்புறம்' மட்டுமே. மத்திய அரசு 2015-இல் பன்னிரண்டு நகரங்களுக்குத் தொடங்கிய ஹிருதய் என்ற பாரம்பரிய நகரத் திட்டத்தில் காஞ்சிபுரமும் இருந்தது. 2019-இல் திட்டம் முடிந்தது. பாரம்பரியத்துக்கு ஒதுக்கிய பணம் எந்தக் கூரையைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்ற கணக்கை நாம் கேட்க வேண்டும்.

ஆகவே எல்லா வீட்டையும் இடிக்காதே என்பது என் வாதம் அல்ல. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் கிடையாது. பாதுகாப்பின் செலவை ஏழையின் தலையில் கட்டி, அதன் அழகை ஊருக்குப் பொதுவாக்குவது இன்னொரு சுரண்டல்.

5

அப்படியானால் மதிப்பீடு எதற்கு? அனுமதிக்கோ தடைக்கோ முன்னால், அது ஒரு விசாரணையாக இருக்கட்டும். 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம் அழகியல், வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. அங்கிருந்து இன்னும் ஓரடி நாம் வைக்கலாம். இந்த வீட்டில் என்ன வேலை நடந்தது? யார் யார் செய்தார்கள், யாருக்குக் கூலி வந்தது? தறி எப்போது நின்றது, ஏன்? 'மாற்றப்படாமல் இருக்கிறதா' என்பது ஜமீன் பங்களாவுக்கான கேள்வி. பாகம் பிரிந்தபோது எழும்பிய குறுக்குச் சுவர், கூலி உயர்ந்த வருஷத்தில் போட்ட தளம், தறி நின்றதும் மூடிய குழி – நெசவாளி வீட்டில் மாற்றங்கள்தான் வரலாறு. நம் நிபுணர்கள் அவற்றைச் 'சிதைவு' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ்புக், தறிக்குழியின் அளவு, அந்த வீட்டில் பாவு பிணைத்த பெண்களின் பேச்சு: கடப்பாரை வருவதற்கு முன் ஒரு வாரம் கிடைத்தால் போதும். பதிவை அந்த வீட்டாரின் கையிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். வீட்டை வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பினால் கூரை மாற்றும் செலவை அரசு ஏற்க வேண்டும். விரும்பாவிட்டால் அவர்களைக் குற்றவாளியாக்கக் கூடாது.

இங்கே எழுதுகிறவர்களுக்கும் இயக்கத்தில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கல்வெட்டைப் படியெடுக்கக் கற்றுக்கொண்ட நாம் ஒரு தறிக்குழியைப் படியெடுக்க இன்னும் கற்கவில்லை. கல்வெட்டு காத்திருக்கும். குழி காத்திருக்காது, ஒரு லோடு மண் போதும் அதை மூட.