இரண்டு முறை பெயர்ந்த சனி

2025 மார்ச் 29 அன்று சனி பகவான் கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போனார். 2026 மார்ச் 6 அன்று மறுபடியும் போனார். முதல் பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி. இரண்டாவது வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி. திருநள்ளாற்றில் வாக்கியம்தான் வழக்கம். அதனால் 2025இல் தங்கள் கோயிலில் பெயர்ச்சி விழா இல்லை என்று நிர்வாகமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய பெயர்ச்சியிலும் இதே கூத்துதான்: ஒன்றில் 2023 ஜனவரி 17, மற்றதில் டிசம்பர் 20.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுற்று உண்டு. சித்தூர் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பைப் பகுதிகளைச் சேர்த்து உருவான மாவட்டம். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போன பிறகும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறையவே தங்கின. ஒரே தெருவில் சிலருக்கு உகாதி, சிலருக்குச் சித்திரை முதல் நாள். விசுவாவசு ஆண்டு ஒரு வீட்டில் 2025 மார்ச் 30 அன்று பிறந்தது. எதிர்வீட்டில் ஏப்ரல் 14 அன்று. சாந்திரமானம், சௌரமானம் என்ற இந்த வேறுபாட்டுக்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. இரு வீட்டிலும் பலகாரம் வருகிறதே!

மனத்தாங்கல் வருவது வேறு இடத்தில். பஞ்சாங்கம் ஆண்டுதோறும் புதிதாக அச்சாகிறது. திருமலையில் உகாதி ஆஸ்தானத்தன்று அதைப் படிக்கக் கேட்பது மரபு. தேவஸ்தானமே பஞ்சாங்கம் வெளியிடுகிறது. கணக்கு எதைத் தொடுகிறது என்பதற்கு 2023ஐப் பார்த்தால் போதும். அதிக மாதம் வந்த ஆண்டு அது; திருமலையில் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு பிரம்மோற்சவங்கள் நடந்தன. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது அட்டையும் பலனும்தான். உள்ளே கணக்குப் போடும் விதிகளை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது?

கேரளம் இதற்கு ஒரு விடை சொன்னது. கி.பி. 683இல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற முறையைத் தந்தார். திருநாவாய் மாமாங்கத்தில் அது அறிவிக்கப்பட்டது என்பது மரபுச் செய்தி. கணக்குக்கும் வானத்துக்கும் இடைவெளி விழவே, 1431இல் பரமேசுவரர் திருக்கணிதம் என்ற நூலை எழுதினார். மேசையில் உட்கார்ந்து செய்த திருத்தமல்ல அது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தவர் செய்தது. இடைவெளி 748 ஆண்டுகள். பரஹிதமும் அதோடு செத்துவிடவில்லை. சில காரியங்களுக்குப் பழையது, சிலவற்றுக்குப் புதியது என்று இரண்டும் பக்கத்திலேயே குடியிருந்தன.

தமிழ்நாட்டு வாக்கிய மரபின் சந்திரக் கணக்கு வரருசியின் பெயரில் வழங்கும் 248 வாக்கியங்களில் நிற்கிறது. எண்கள் எழுத்துகளாக மாறி, மனப்பாடம் செய்யத் தோதான தொடர்களாகின்றன. அது எவ்வளவு வலுவான கருவி என்பதை 1825இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன் பதிவு செய்தார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத்திலிருந்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. தாளும் பேனாவும் இல்லாமல்! வாக்கியத்தை ஏளனம் செய்பவர்கள் அந்தச் சோழிகளை ஒரு கணம் நினைக்கலாம்.

ஆனால் 52 நிமிடம் 52 நிமிடம்தான். சந்திரன் ஒரு பாகையை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. சனிக்கோ ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. சந்திரனில் மணிக்கணக்கோடு போகும் பிழை சனியில் மாதக்கணக்காகி, பெயர்ச்சி இரண்டாகிறது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர், தொலைநோக்கியோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். சுதந்திரத்துக்குப் பிறகு மேகநாத் சாகா தலைமையிலான குழு 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழ் அதை ஏற்றது, வானொலி ஏற்றது, கல்யாண மண்டபம் ஏற்கவில்லை.

மேல்நாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேடம் புனைந்து ஆடும் விளையாட்டுகளுக்கும் விதிகளை எப்போது புதுப்பிப்பது என்ற இதே தலைவலி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வந்தது. அதன் விதிநூல் 2000இல் மூன்றாம் பதிப்பாக மாறியது; மூன்றே ஆண்டில் அதற்கும் திருத்தம். 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது பழைய விதிகளை விட மறுத்தவர்களுக்காக, 2009இல் வேறொரு நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ என்று தனி நூலே போட்டுவிட்டது. விளையாட்டுக்காரர்கள் இரண்டு மேசையானார்கள். ‘கால் ஆஃப் கதுலு’ வேறு மாதிரி: 1981இல் தொடங்கி 2014இல் ஏழாம் பதிப்புக்கு வந்த பிறகும் பழைய கதைப் புத்தகங்களைச் சிறு மாற்றத்தோடு ஆடலாம். இரண்டில் பரமேசுவரருக்கு நெருக்கமானது பின்னதுதான். கணக்கு வானத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்து. விற்பனை குறைந்தால் திருத்தாதே என்பது அந்த வழி.

சித்தூர்ப் பெண்ணுக்கும் வேலூர்ப் பையனுக்கும் முகூர்த்தம் பார்க்கும் புரோகிதரிடம் இந்தச் சரித்திரமெல்லாம் சொன்னால் சிரிப்பார். தெலுங்குப் பஞ்சாங்கம் ஒன்றையும் வாக்கியம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டிலும் தடையில்லாத நாளாகத் தேடுகிறார் அவர். ஆனிக்குள் அப்படி ஒன்று அகப்படாவிட்டால், ஆடி கழிந்து ஆவணி வரை இரு வீட்டாரும் காத்திருக்கிறார்கள்.